தானியக் குழியிலிருந்து ரயில் குடோனுக்கு: காலனி ஆட்சிக்காலக் கொங்கு நாட்டில் உணவு விளைச்சலும் சேமிப்பும்

மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையை மறித்துக்கொள்வதால், கொங்கு நாட்டுச் சமவெளிக்கு ஆண்டில் கிடைக்கும் மழை 600 முதல் 700 மில்லிமீட்டர்தான். பவானி, நொய்யல், அமராவதி ஆற்றோரங்களில் வாய்க்கால் பாயும் வயல்களை விட்டால், மற்றதெல்லாம் வானத்தையோ கிணற்றையோ நம்பிய நிலம். சில ஆண்டுக்கு ஒருமுறை மழை பொய்ப்பதை இங்கே யாரும் அதிசயமாக எண்ணியதில்லை. அதனால் விளைவிப்பதற்குச் சமமான வேலையாக, விளைந்ததைக் கெடாமல் வைத்திருப்பதும் இருந்துவந்தது. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் இந்த நாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. நொய்யலுக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று இரண்டாக ஆளப்பட்ட பகுதிகள் 1804-இல் கோயம்புத்தூர் மாவட்டமாக இணைந்தன. அதிலிருந்து 1947 வரை புதுப் பயிர்கள் வந்தன, கிணறுகள் பெருகின, ரயில் வந்தது, ஆராய்ச்சி நிலையங்கள் வந்தன. இவை எல்லாவற்றையும்விட ஆழமாக மாறியது ஒன்று: ஊருக்கான தானியம் யாருடைய காவலில் இருந்தது என்பது.

காடு, தோட்டம், வயல்

கொங்குக் குடியானவர்கள் நிலத்தை நீரை வைத்தே பிரித்தார்கள். மானாவாரி நிலம் காடு. கிணறு பாயும் நிலம் தோட்டம். வாய்க்கால் பாயும் நிலம் வயல். காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் நான்காவதாகக் கொறங்காடும் உண்டு. கிளுவை வேலி அடைத்து, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக விட்டுவைத்த மேய்ச்சல் நிலம் அது. காட்டில் கம்பு, சோளம், சாமை, கொள்ளு, துவரை, அவரை. தோட்டத்தில் ராகி, மிளகாய், புகையிலை, காய்கறி. வயலில் நெல், கரும்பு, மஞ்சள். ஒரே குடும்பத்துக்கு இவற்றில் இரண்டு மூன்று வகை நிலம் இருந்தால், ஒன்று போனாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

கம்பெனியின் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் ஆணைப்படி 1800-இல் மைசூர், கொங்கு, மலபார் வழியாகப் பயணம் செய்து, 1807-இல் மூன்று தொகுதிகளாக அதை வெளியிட்ட பிரான்சிஸ் புகானன், இந்தக் கலப்புச் சாகுபடியையும் கிணற்றுப் பாசனத்தையும் விரிவாகக் குறித்தார். எண்பதாண்டு கழித்து, 1887-இல் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதிய எஃப். ஏ. நிக்கல்சனும் கிணற்றையே இந்த மாவட்டத்தின் பலமாகக் கண்டார். பாறையைக் குடைந்து தோண்டிய கிணற்றில், காளைகள் சரிவில் இறங்கி இழுக்க, தோல் பறி நீரோடு மேலே வரும். கவலை ஓட்டுவது என்று இதற்குப் பெயர். ஒரு கவலைக்கு ஒரு ஜோடிக் காளை, ஓட்ட ஓர் ஆள், மடை திருப்ப ஓர் ஆள். ஆகவே இங்கே உணவு விளைச்சல் என்பது மாட்டுத் தீவனத்தையும் சேர்த்த கணக்கு. காங்கேயம் காளையைக் கொறங்காடும் சோளத்தட்டும்தான் வளர்த்தன. சில ஆண்டுகளில் கதிருக்காக அல்லாமல் தட்டுக்காகவே சோளம் நெருக்கி விதைக்கப்பட்டது. வீட்டின் பக்கத்தில் நிற்கும் தட்டுப்போரும் ஒரு சேமிப்புதான். அது தீர்ந்தால் கிணற்றில் நீர் இருந்தும் பயிர் காயும்.

குழி, குதிர், அட்டாலி

கம்பெனி வருவதற்கு முன்பிருந்தே வழங்கிவந்த சேமிப்பு முறைகள் ஒவ்வொரு தானியத்தின் குணத்தையும் அறிந்து அமைந்தவை. ராகி மணி சிறியது, கடினமானது. வண்டு எளிதில் துளைக்காது. பல ஆண்டு வைத்தாலும் கெடாது என்பதால் அதுவே பஞ்சத்துக்கான இருப்பு. சோளமும் கம்பும் அப்படியல்ல. கம்பில் எண்ணெய்ச் சத்து கூடுதல். மாவாக்கிவிட்டால் சில நாளில் காறிப்போகும். ஆகவே கம்பை மணியாகவே வைத்திருந்து, அன்றன்றைக்கு உரலில் குத்திக்கொள்ள வேண்டியிருந்தது. வீட்டுப் பெண்களின் விடியற்கால உழைப்பில் பெரும்பகுதி இந்த ஒரு குணத்தால் வந்தது. பழைய உணவுமுறையின் பெருமை பேசுகிறவர்கள் அந்த உலக்கையைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

அதிக அளவு தானியத்துக்கு நிலத்தடிக் குழி. நீர் தேங்காத மேட்டில், கெட்டியான மண்ணில், வாய் குறுகி வயிறு அகன்றதாகக் குழி வெட்டி, உள்ளே வைக்கோல் பரப்பித் தானியத்தைக் கொட்டி, மேலே கல்லும் மண்ணும் வைத்து அடைப்பார்கள். உள்ளே அடைபட்ட தானியமும் பூச்சிகளும் சுவாசிக்கச் சுவாசிக்க ஆக்சிஜன் தீர்ந்து கரியமில வாயு நிறையும். வண்டுகள் தாமாகவே மடியும். மருந்து எதுவும் வேண்டாத இந்த முறையின் ஆபத்தும் அதே வாயுதான். குழியைத் திறந்தவுடன் இறங்கியவர்கள் மூச்சுத் திணறிச் செத்ததுண்டு. அதனால் முதலில் விளக்கை இறக்கிப் பார்ப்பது வழக்கமாயிற்று. குழித் தானியம் மணம் மாறிவிடும், முளைப்புத் திறனும் போய்விடும். எனவே விதைக்கு வேறு ஏற்பாடு: பொறுக்கியெடுத்த கதிர்களை அடுப்புப் புகை படும் இடத்தில் கட்டித் தொங்கவிடுவது, அல்லது சாம்பலும் வேப்பிலையும் கலந்து பானையில் மூடுவது. துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைப்பார்கள். உடைத்த பருப்புக்கு ஆமணக்கெண்ணெய் தடவுவார்கள். அன்றாடத் தேவைக்கு வீட்டுக்குள் மண் குதிர் இருக்கும்; மற்றதெல்லாம் அட்டாலி என்ற பரணுக்கு ஏறும்.

தானியத்துக்கு அப்பால் வெயில், உப்பு, புளிப்பு, எண்ணெய் என்ற நான்கும்தான் காவல். சுண்டை, மணத்தக்காளி, கொத்தவரை வற்றல், மோரில் ஊறிய மிளகாய், வெங்காய வடகம், கிடா வெட்டினால் மிஞ்சிய கறியில் உப்புக்கண்டம், மேற்குக் கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த கருவாடு. பாலை நெய்யாக்கி வைப்பதில் இந்தப் பகுதிக்குத் தனிப்பெயர் உண்டு. ஊத்துக்குளி வெண்ணெயும் நெய்யும் இன்றும் அந்தப் பெயரிலேயே விலைபோகின்றன. இந்தப் பட்டியலில் எது பழையது, எது புதியது என்று பிரிப்பது எளிதன்று. பாட்டி காலத்துப் பண்டமாகத் தோன்றும் மோர்மிளகாயின் மிளகாயே போர்ச்சுகீசியர் வழி அமெரிக்காவிலிருந்து வந்ததுதான்.

இந்தச் சேமிப்பைப் பொற்காலமாக எண்ணவும் இடமில்லை. குழியும் குதிரும் நிலமுள்ளவனுடையவை. பண்ணையாளுக்குக் கூலி தானியமாக அளக்கப்பட்டதால் விலையேற்றத்தின் முழு அடியும் அவர்மேல் விழவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தத் தானியம் இன்னொருவர் வீட்டுக் குதிரிலிருந்து அந்த வீட்டார் இசைந்தால்தான் வரும்.

ரொக்க வரியும் பருத்தியும்

தாமஸ் மன்றோவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ரயத்துவாரி முறையில், ஒவ்வொரு குடியானவரும் நிலவரியை நேரடியாக அரசுக்கு, பணமாக, தவணை தப்பாமல் கட்டவேண்டும். கிஸ்தித் தேதிகள் அறுவடையை ஒட்டியே வந்தன. எல்லாரும் ஒரே சமயத்தில் தானியத்தை விற்றால் விலை சரியும். மாதங்கள் கழித்துக் குதிர் காலியானபின் அதே தானியத்தைக் கூடுதல் விலைக்கோ வட்டிக்கோ வாங்க நேரும். நிக்கல்சன் பின்னாளில் 1895, 1897 ஆண்டுகளில் எழுதிய விவசாய வங்கிகள் பற்றிய அறிக்கை இந்தக் கடன் சுழலை ஆராய்ந்தே கூட்டுறவுக் கடன் சங்கங்களைப் பரிந்துரைத்தது. 1904-இல் அதற்கான சட்டம் வந்தது.

வரிக்குப் பணம் தரும் பயிர் பருத்தி. லங்காஷயர் ஆலைகளுக்கு ஏற்ற நீள இழைப் பருத்தியை இங்கே விளைவிக்கக் கம்பெனி அமெரிக்காவிலிருந்து பயிர்க்காரர்களைத் தருவித்தது. தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1842 முதல் 1853 வரை கோவையில் அந்தச் சோதனைப் பண்ணைகளை நடத்தினார். அவை பெரிதாக வெற்றி பெறவில்லை. 1861-65 அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பருத்தி விலை ஏறியதும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா ரகம் கிணற்றுத் தோட்டங்களுக்குள் வந்ததுமே நிலைமையை மாற்றின. மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளை நோக்கி நிலக்கடலையும் கப்பலேறத் தொடங்கியது. ராகி விளைந்த தோட்டத்தில் பருத்தியும், சாமை விளைந்த காட்டில் கடலையும் ஏறின. குடியானவர் இதனால் ஏழையானார் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. நல்ல விலை வந்த ஆண்டுகளில் பலர் புதுக் கிணறு வெட்டினார்கள். ஆனால் குதிரில் இருந்தது பணமாக மாறியபின், பஞ்ச ஆண்டில் அந்தப் பணம் எவ்வளவு தானியம் வாங்கும் என்பதைத் தொலைதூரச் சந்தை தீர்மானித்தது.

ரயிலும் தாது வருஷப் பஞ்சமும்

சென்னை ராயபுரத்திலிருந்து 1856-இல் புறப்பட்ட ரயில் பாதை 1862-இல் ஈரோடு, திருப்பூர், போத்தனூர் வழியாக மேற்குக் கரையோடு இணைந்தது. திருப்பூர் நிலையம் அந்தப் பாதையில் அமைந்ததே. பல்லடம் தாலுகாவில் அடங்கிய சிறிய ஊராக இருந்த திருப்பூர், தாலுகா தலைநகரை முந்திக்கொண்டு வளர்ந்ததற்கு முதற்காரணம் இந்த நிலையம்தான். பருத்தி மண்டிகளும் அரைவை ஆலைகளும் அதைச் சுற்றித் திரண்டன. பின்னலாடை அதற்குப் பிந்தியது. உப்பும் தானியமும் சுமந்த பொதிமாட்டுக் கூட்டங்களின் இடத்தைச் சரக்கு வண்டி பிடித்தது. பேருந்துக்கும் லாரிக்கும் முந்திய அந்தக் காலத்தில், ரயில் நிலையத்துக்கு ஒருநாள் வண்டிப் பயணத்தில் இருந்த ஊர்களின் தானிய விலை ஒன்றையொன்று நெருங்கியது.

1876-இல் பருவமழைகள் தவறின. தமிழ் ஆண்டுப் பெயரால் தாது வருஷப் பஞ்சம் என்று நிலைத்த 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. கோவை மாவட்டம் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களுள் ஒன்று. 1871 கணக்கெடுப்பைவிட 1881 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை குறைந்திருந்தது. ரயில் பஞ்சத்தைத் தடுக்கும் என்று அதுவரை பேசப்பட்டிருந்தது. ரயில் தானியத்தைக் கொண்டுவரவே செய்தது, ஆனால் பணம் உள்ள இடத்துக்கு. பாதை ஓரத்து நிலையங்களில் மூட்டைகள் அடுக்கப்பட்டிருக்க, வாங்கச் சக்தி இல்லாதவர்கள் அதே நிலையங்களை நோக்கி நடந்தார்கள். தானிய வணிகத்தில் தலையிடக்கூடாது என்பதில் அரசு பிடிவாதமாக இருந்தது.

நிவாரண வேலைக்கு என்ன கூலி என்பதில்தான் அந்தக் காலத்தின் முகம் தெளிவாகத் தெரிகிறது. வைஸ்ராயின் தூதராக 1877 தொடக்கத்தில் வந்த ரிச்சர்ட் டெம்பிள், கல்லுடைத்து மண்சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் அரையணாவும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்பது 450 கிராம். மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ், முகாம்களில் மெலிந்து செத்தவர்களின் உடல்நிலையைச் சுட்டி இதை எழுத்தில் எதிர்த்தார். சில மாதத்தில் கூலி உயர்த்தப்பட்டது, பலருக்கு அது காலங்கடந்த உயர்வு. உடலுக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்ற கேள்வி இந்திய அரசின் கோப்புகளில் இவ்வளவு கூர்மையாக எழுந்தது இந்தச் சர்ச்சையில்தான்.

1880-இல் பஞ்ச ஆணையம் சொன்ன முடிவு, நாட்டில் மொத்தத்தில் உணவு இருந்தது, வேலையும் கூலியும் இல்லாததால் மக்களால் வாங்க முடியவில்லை என்பது. அதை ஒட்டிப் பஞ்ச விதிகள் வந்தன. கிணறு வெட்ட 1883, 1884 சட்டங்களின்கீழ் தக்காவிக் கடன் தரப்பட்டது. ஊர்தோறும் தானிய இருப்பு என்ற யோசனை கொள்கையாக ஆகவில்லை. பஞ்சத்தில் தப்பியவர்களில் ஏராளமானோர் இலங்கைத் தோட்டங்களுக்கு நடந்தார்கள். அங்கே அவர்களுக்குக் கூலியோடு அளக்கப்பட்ட அரிசியில் பெரும்பகுதி கடல் கடந்து வந்தது. அதன் விலை கணக்கில் பிடிக்கப்பட்டது. தோட்டத்து அரிசிக் களஞ்சியம் கங்காணியின் அதிகாரத்துக்கு ஒரு தூண். கரீபியன் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளை நியூஃபவுண்ட்லாந்துக் கருவாட்டால் ஊட்டி வளர்த்த ஏற்பாட்டின் தூரத்து உறவு இது.

உப்பின் விலை

பதப்படுத்துதலின் அடிப்படைச் சரக்கு உப்பு. சென்னை மாகாணத்தில் 1805-இல் உப்பு அரசின் ஏகபோகமாயிற்று. 1882-இல் இந்தியா முழுவதற்கும் மணங்கு ஒன்றுக்கு 2 ரூபாய் வரி. 1888-இல் இரண்டரை ரூபாய். படிப்படியாகக் குறைந்து 1907-இல் 1 ரூபாய். 1923-இல் மீண்டும் இரண்டரை. மணங்கு என்பது ஏறத்தாழ 37 கிலோ. சமையலுக்கு மட்டும் உப்பு வாங்குகிறவர் இந்த வரியை ஓரளவு தாங்கிக்கொள்வார். மீனை உப்பிடுகிறவருக்கும், ஊறுகாய் போடுகிறவருக்கும், மாட்டுக்கு உப்பு வைக்கிறவருக்கும் அது தொழிலையே நசுக்கும் வரி. கடலில்லாத மாவட்டங்களில் உவர் மண்ணைக் கரைத்துக் காய்ச்சி உப்பெடுத்துவந்த உப்பிலியர் போன்றோரின் தொழில் சட்டவிரோதமாக்கப்பட்டு ஒடுக்கப்பட்டது. 1889 சென்னை உப்புச் சட்டம் அந்தக் கதவை இறுக்கி அடைத்தது.

மேற்குக் கரையில் இதன் விளைவு கண்ணெதிரே தெரிந்தது. மத்தி மீன் கரை புரண்டு வரும் பருவத்தில், உப்பு வாங்க முடியாமல் வெயிலில் மட்டும் காயவைத்த மீன் அழுகியது. மிச்சம் தென்னைக்கும் காப்பித் தோட்டத்துக்கும் எருவாயிற்று. பிரான்சிஸ் டே மீன்வளம் பற்றி ஆராய்ந்து எழுதியதைத் தொடர்ந்து, 1870-களில் அரசு மீன் உப்பிடும் முற்றங்களைத் திறந்து, அதனுள் மட்டும் வரியில்லா உப்புக் கொடுத்தது. காவலர் நிற்கும் வேலிக்குள் உப்பிட்ட மீனே கொங்குச் சந்தைகளுக்குக் கருவாடாக வந்தது. கோவையின் கிணறுகளை எழுதிய அதே நிக்கல்சன் 1905-இல் மாகாண மீன்வளத்தை ஆராயும் பொறுப்பேற்றார். தரமான உப்பிடல், மீனெண்ணெய், மீன் எரு, டப்பாவில் அடைத்தல் என்று மேற்குக் கரையில் அவர் செய்த சோதனைகளில், சாதாரண மக்கள் வாங்கும் விலையில் மீன் கிடைக்கவேண்டும் என்ற அக்கறை இருந்தது. எண்ணெயும் எருவும் சிறுதொழில்களாகப் பரவின. டப்பா மீன் இந்நாட்டார் அடுப்படிக்குள் நுழையவில்லை. தகர டப்பாவின் விலை உள்ளிருக்கும் மீனின் விலையைத் தாண்டும்போது அது எப்படி நுழையும்? தகரம் வேறு வழியாக வந்தது. காலியான மண்ணெண்ணெய் டின்களைக் கழுவிக் காயவைத்து நெய்யும் எண்ணெயும் பருப்பும் நிரப்பினார்கள். மண் குதிரின் இடத்தை முதலில் பிடித்த பாத்திரம் அதுவே.

உப்பு வரி அரசியலானது 1930 ஏப்ரலில். கொங்கு நாட்டுத் திருச்செங்கோட்டருகே காந்தி ஆசிரமம் நடத்திவந்த ராஜாஜி, திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து உப்பெடுத்துக் கைதானார். வரி முற்றாக நீங்கியது 1947-இல்.

புழுங்கலரிசியும் பெரிபெரியும்

காலனி நாடுகளின் உணவு வரலாற்றில் தமிழரின் அன்றாட வழக்கம் ஒன்று உலக அறிவியலுக்குச் சாட்சியான இடம் மலாயா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நீராவி ஆலைகளில் தவிடு போகத் தீட்டிய வெள்ளை அரிசி ஆசிய நாடுகளெங்கும் பரவியது. தவிட்டின் எண்ணெய் நீங்கிவிடுவதால் அது காறாது, கப்பலில் நெடுநாள் தாங்கும். அதோடு கால் மரத்து, வீங்கி, இதயம் நின்றுபோகும் பெரிபெரி நோயும் பரவியது. சுரங்கங்களில் வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டபோது, தோட்டங்களில் புழுங்கலரிசி உண்ட தமிழர்களிடம் நோய் அரிதாகவே இருந்தது. டச்சு ஜாவாவில் மருத்துவர் ஐக்மான் 1890-களில் கோழிகளை வைத்துக் கண்ட இந்தத் தொடர்பை, கோலாலம்பூர் மனநல விடுதியில் ஃபிளெட்சர் 1905-இல் இரு பிரிவினருக்கு இருவகை அரிசி கொடுத்து மனிதரிடம் உறுதிசெய்தார். பிராடன் 1907-இல் அரிசியே காரணம் என்று நூல் எழுதினார்.

காரணம் எளியது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமியடியிலும் தவிட்டிலும் உள்ள தையமின் சத்து அரிசிக்குள் இறங்குகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. அவித்த நெல் உடையாமல் குத்துப்படும், வண்டும் குறைவாகத் தாக்கும். ஆதியில் இதைச் செய்தவர்கள் நாடியது இந்தப் பிந்திய பயன்களையே. நீலகிரிக் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் 1918-இல் தொடங்கிய பெரிபெரி ஆய்வு உணவுச்சத்து ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்தது. எலிகளுக்குப் பல மாகாணத்து உணவுகளைக் கொடுத்துப் பார்த்த அவர், சென்னையின் அரிசிச் சாப்பாட்டைக் கடைசி வரிசையில் வைத்தார். அவருக்குப்பின் வந்த ஐக்ராய்ட் 1937-இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணையில் கம்பும் ராகியும் அரிசியை விஞ்சி நின்றன. அதே ஆண்டுகளில் சமவெளியில் கம்மஞ்சோறு ஏழையின் உணவாகவும் நெல்லுச்சோறு மதிப்பின் அடையாளமாகவும் ஆகிக்கொண்டிருந்தது. சிற்றூர்களில் நுழைந்த அரிசி ஆலை உலக்கையிலிருந்து பெண்களை விடுவித்தது, தவிட்டையும் எடுத்துக்கொண்டது.

ஆலை, ஆராய்ச்சி, ரேஷன்

ஏற்றுமதிக்கான பதப்படுத்தல் தனிப்பாதையில் வளர்ந்தது. ராபர்ட் ஸ்டேன்ஸ் 1861-இல் கோவையில் காப்பிக்கொட்டை பதனிடும் ஆலை தொடங்கினார். நீலகிரி, வயநாட்டுக் காப்பி மலையின் ஈரத்தில் உலராது; தானியக் குழிகளைக் காத்த அதே வறண்ட காற்று இங்கே காப்பியை உலர்த்தியது. உதகையில் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் வெள்ளையர் மேசைக்காகப் பயிரிடச் செய்த உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும், படகர்களின் முக்கியப் பயிராகி மேட்டுப்பாளையம் மண்டி வழியாகச் சமவெளிக் குழம்பில் கலந்தன.

சைதாப்பேட்டை வேளாண் கல்லூரி கோவைக்கு மாறியபின், 1912-இல் நெல், கரும்பு ஆராய்ச்சி நிலையங்களும் 1923-இல் சிறுதானிய நிலையமும் அமைந்தன. வரிசையைப் பார்த்தாலே முன்னுரிமை புரியும். சுற்றிலும் சோளமும் கம்பும் விளையும் ஊரில் அவற்றுக்கான நிலையம் பதினோராண்டு காத்திருந்தது. நீலகிரியின் பைக்காராவிலிருந்து மின்சாரம் 1932-இல் வந்ததும் தோட்டக் கிணறுகளில் மோட்டார் ஏறத் தொடங்கி, கவலையும் அதை நம்பிய மாட்டுத் தீவனக் கணக்கும் தளர்ந்தன.

1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது சென்னை மாகாணம் நம்பியிருந்த பர்மா அரிசி நின்றது. 1943 முதல் நகரங்களில் ரேஷன் வந்தது. அரசு அதிகாரிகள் ஊர் ஊராக நெல் கொள்முதல் செய்தார்கள், வீட்டில் இவ்வளவுக்கு மேல் தானியம் வைத்திருப்பது குற்றமாயிற்று. தாது வருஷத்தில் தனியார் வணிகத்தைத் தொடமாட்டேன் என்ற அதே அரசு, இப்போது குதிருக்குள் கைவிட்டது. தென்கிழக்காசியாவிலிருந்து ஜவ்வரிசி வருவதும் நின்றதால், 1943-இல் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதைத் தயாரிக்கும் தொழில் பிறந்தது. காலனிக்காலத்தின் கடைசி ஆண்டுகளில் முளைத்து நிலைத்த உணவுத் தொழில்களில் அதுவே பெரியது.

விடுதலைக்குப் பின் முதலமைச்சரான ராஜாஜி 1952-இல் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். அரசின் களஞ்சியம் மறையவில்லை. 1965-இல் இந்திய உணவுக் கழகமாகவும், 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகமாகவும் அது திரும்பி வந்தது. அந்தக் குடோன்களில் அடுக்கப்பட்டவை அரிசியும் கோதுமையும். கம்பும் சோளமும் ராகியும் பெரிய அளவில் கொள்முதல் செய்யப்படாததால், அவற்றைக் காட்டில் விதைக்க இருந்த காரணமும் குறைந்தது. விதைப்பு குறைந்த ஊர்களில் தானியக் குழிகள் தூர்ந்தன.